மார்ச் வரைக்கும் வைத்த கிழங்கு

எங்கள் ஊரில் மட்டமான கிழங்கைத்தான் அக்டோபரில் விற்பார்கள். வெட்டுப்பட்டது, வெயில் பட்டுப் பச்சை பிடித்தது, கிடங்கில் போட்டால் ஜனவரிக்குள் அழுகி பக்கத்தில் கிடப்பதையும் கெடுக்கும் என்று தெரிந்தது, இதெல்லாம் வயலிலிருந்தே லாரி ஏறிவிடும். நல்ல உருளைக்கிழங்கு, பாதி மண்ணுக்குள் புதைந்த கிடங்குக்குப் போகும். டிசம்பரில் தரகர் வருவார். ஒரு கிழங்கை எடுத்துக் கத்தியால் இரண்டாக வெட்டி முகர்ந்து பார்ப்பார். "மார்ச் வரைக்கும் வெச்சிரு" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினால் அது விற்றுப்போன மாதிரிதான். கையெழுத்து கிடையாது, முன்பணம் கிடையாது. மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா தெரிகிற எங்கள் சென்ட் ரெமியில், அந்த வார்த்தையை மீறிய தரகர் அடுத்த வருஷம் ஊருக்குள் கால் வைக்க முடியாது.

லிசெட் மிஷோவின் கதையை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளுக்கு நடந்தது வேறு ஊரில் இப்படி நடந்திருக்காது.

எங்கள் சாலையில் பதினாலு வீடு. அதில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். என் சான்றிதழ் அம்மாவின் சமையலறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் கண்ணில் படும்படி அதை அங்கே மாட்டியது அம்மா இல்லை, நான்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த முதல் பட்டம் லிசெட்டுக்கு உரியது என்று பதினாலு வீட்டுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கணக்கில் நான் அரைமணி நேரம் உட்கார்ந்து தலையைச் சொறிகிற இடத்தை அவள் பேருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவாள். அப்புறம் என் தாளை இழுத்து, தப்பு எங்கே என்று சொல்லாமல், அந்த வரியின் மேல் மட்டும் விரலை வைப்பாள்.

அவள் அப்பா ஃபெர்னான் மிஷோவுக்கு ஆற்றோரம் எழுபது ஏக்கர். அம்மா ஜானின் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை. லிசெட் ஒரே பிள்ளை. செப்டம்பரில் பள்ளிக்கூடம் மூன்று வாரம் மூடி, ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கிழங்கு தோண்டப் போவோம். தோண்டும் எந்திரத்தின் பட்டையில் கிழங்கோடு ஏறிவரும் கல்லையும் மண்கட்டியையும் இரண்டு கையாலும் பொறுக்கி வீசுவதுதான் எங்கள் வேலை. லிசெட் பதினோரு வயதில் பட்டையில் நின்றாள். அவளுக்குப் பதினாலு ஆனபோது ஃபெர்னானின் இடது கை சங்கிலியில் மாட்டி இரண்டு விரல் போயிற்று. அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில் அவள் எந்திரத்தின் இருக்கையில் ஏறினாள். மிச்ச வயல் முழுக்க அவள்தான் ஓட்டினாள். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. வேறு யார் ஓட்டுவது?

நாங்கள் பன்னிரண்டாவது படித்த வருஷம் அவள் பாஸ்டன் பக்கத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். நூறு பேர் கேட்டால் ஐந்தாறு பேரை எடுக்கிற இடம். எங்கள் மாதிரி வீட்டுப் பிள்ளைகளிடம் அங்கே படிப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்று ஹால்வர்சன் டீச்சர் சொல்லியிருந்தார். மேற்படிப்புக்கு வழி சொல்லும் டீச்சர் அவர். இரண்டு பள்ளிக்கூடத்துக்குச் சேர்த்து ஒருவர் என்பதால் எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். நவம்பர் முதல் தேதிக்குள் அனுப்பினால் மற்றவர்களுக்கு முந்தி டிசம்பரிலேயே பதில் வரும். லிசெட் படிவத்தை அறுவடை முடிந்த களைப்பில், ஊர் நூலகத்தின் கணினியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிரப்பினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

வகுப்புக்கு வெளியே என்னென்ன செய்கிறாய் என்று அதில் ஓர் இடம். பத்து வரி விட்டிருந்தார்கள். அவள் தேவாலயப் பாடகர் குழு என்று ஒன்று எழுதினாள். சனிக்கிழமை நூலகத்தில் புத்தகம் அடுக்குவது என்று இன்னொன்று. எட்டு வரி காலி. அறுவடையை எழுதவில்லையா என்று கேட்டேன்.

"அத எதுக்குடா எழுதறது? மூச்சு விடறேன்னும் எழுதவா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஊரில் எல்லாரும் செய்வதை எழுதினால் சிரிக்க மாட்டார்களா? செவ்வாய்க்கிழமை ஹால்வர்சன் டீச்சர் வருவதற்குள் அவள் அதை அனுப்பிவிட்டிருந்தாள்.

டிசம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதில். எங்கள் ஊரில் அந்த மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும். பள்ளி நூலகத்தில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். பக்கம் திறந்தது. வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை. உன் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்தோடு படித்தோம். இப்போது முடிவு எதுவும் எடுக்கவில்லை. மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து மார்ச்சில் மறுபடி பார்ப்போம். அவள் அதை மூன்று தடவை படித்தாள். எனக்குத் தெரிந்து எதையும் இரண்டாம் தடவை படித்தவள் இல்லை. அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு, "இது என்னடா, ஆமாவும் இல்ல இல்லைன்னும் இல்ல" என்றாள்.

ஃபெர்னான் அடுப்படியில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். மார்ச்சா என்று கேட்டார். மார்ச்சுதான் என்றாள்.

"அப்ப வெச்சிருக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "வேண்டாம்னா இப்பவே வேண்டாம்னு சொல்லியிருப்பான். மட்டத்த யாராவது வெச்சிருக்கச் சொல்வானா?"

லிசெட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் கிடங்கின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சந்தோஷம் வந்தால் அவர் போகிற இடம் அதுதான். அந்த வாரம்தான் தரகர் வெர்னன் அவர் கிழங்கையும் வெட்டிப் பார்த்து, மார்ச் வரைக்கும் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊருக்கே தெரிந்துவிட்டது. பாதிரியார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிராக்டர் பழுதுபார்க்கும் கொட்டகையில் ஃபெர்னானை உட்காரவைத்துக் கிண்டல் செய்தார்கள். "ஃபெர்னான், பொண்ணக் கிடங்குல எந்தத் தடுப்புல போட்டு வெச்சிருக்க? பனி படாமப் பாத்துக்கப்பா" என்றார் ஒருவர். ஃபெர்னான், "என் கிடங்குல இதுவரைக்கும் ஒண்ணு அழுகினதில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லிசெட்டைப் 'பாஸ்டன்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஜனவரி முதல் செவ்வாயன்று ஹால்வர்சன் டீச்சர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே நடந்ததை லிசெட்டே எனக்குச் சொன்னாள். டீச்சர் தெற்கே போர்ட்லண்டுக்காரர், சுற்றி வளைக்கமாட்டார். ஒத்திவைத்தவர்களில் பத்துக்கு ஒருவர் உள்ளே போனால் பெரிது என்றார். இன்னும் ஆசையாக இருக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். முதல் படிவத்தில் விட்டுப்போனதையெல்லாம் அதில் எழுத வேண்டும். காலியாக இருந்த எட்டு வரியைக் காட்டி, "எந்திரம் ஓட்டினத ஏன் எழுதல?" என்று கேட்டவர், அவள் சொன்ன காரணத்தைக் கேட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் மார்ச் ஒன்றுக்குள் விண்ணப்பித்துவிடு, உதவித்தொகை அதற்கப்புறம் கிடைக்காது என்றும் சொன்னார்.

ஆக, அது வாக்கு இல்லை என்று லிசெட்டுக்கு ஜனவரியிலேயே தெரியும். வீட்டில் சொல்லவில்லை. அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் தபால்காரருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரிந்தால் கொட்டகைக்குத் தெரியும். ஃபெர்னான் மிஷோவுக்கு ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரியவில்லை என்று ஆகிவிடும்.

கடிதத்தை மட்டும் எழுதினாள். மூன்று பக்கம். பேருந்தில் எனக்குப் படிக்கக் கொடுத்தாள். பதினோரு வயதில் பட்டையில் நின்றது. அப்பாவின் விரல். லாரி காலியாகும்வரை எந்திரத்தின் இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் போட்டது. கிழவர்களைத் தூக்கித் தூக்கி அம்மாவின் இடுப்பு போனது. எதையும் ஏற்றிச் சொல்லவில்லை, அழவும் இல்லை. நான் அப்புறம் நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அப்படி எழுதிய ஒருவரை அங்கே பார்க்கவில்லை.

அனுப்புமுன் அப்பாவிடம் காட்டினாள். காட்டாமல் அனுப்பியிருக்கலாம். அவரைப் பற்றி எழுதியிருக்கிறோம், அவருக்குத் தெரியாமல் போகக்கூடாது என்று நினைத்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்தார். இரண்டு விரல் இல்லாத கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தார் என்றாள். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தரகருக்கு ஜனவரியில போன் பண்ணி, கிழங்கு நல்லா இருக்கு, மறக்காம வாங்கிக்கோன்னு சொன்னா அவன் என்ன நெனப்பான்?" என்று கேட்டார்.

அவளுக்குப் பதில் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டது. "கிடங்குல என்னமோ அழுகுதுன்னு நெனப்பான்."

"அவ்வளவுதான். ஒரு தடவ கேட்டாச்சு. அவங்க வெச்சிருக்கச் சொல்லிட்டாங்க." அப்புறம் தாளை மடித்தார். "என் கை அவங்களுக்கு எதுக்கு லிசி?"

இந்தக் கடைசி வார்த்தைதான் அவளை நிறுத்தியது. முதலில் சொன்னதற்கு அவளிடம் பதில் இருந்தது. கடிதம் சமையலறை மேசையின் இழுப்பறைக்குள் போனது.

பிப்ரவரியில் ஹால்வர்சன் டீச்சர் மாநிலப் பல்கலைக்கழகப் படிவம் ஒன்றை என்னிடம் கொடுத்து, எப்படியாவது அவளை நிரப்ப வை என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அப்பா பாத்தா?" என்று மட்டும் கேட்டாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. அவள் வந்தால் நான் எப்போதும்போல இரண்டாவது ஆள் என்ற நினைப்பும் மனசின் ஒரு மூலையில் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படிவம் என் பைக்குள்ளேயே திரும்பி வந்தது. மார்ச் ஒன்றாம் தேதி வந்து போனது.

மார்ச் கடைசியில் வெர்னன் சொன்ன சொல் மாறாமல் லாரிகளோடு வந்தார். அந்த வருஷம் நல்ல விலை. மூன்று நாள் ஏற்றினோம். குளிர் காலம் முழுக்க இருட்டில் கிடந்த கிழங்கு, நேற்றுத் தோண்டினது மாதிரி தோல் இறுகி இருந்தது. வெர்னன் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து, "உன் கிடங்கு மாதிரி இந்தப் பள்ளத்தாக்குல இன்னொண்ணு இல்லப்பா" என்றார். ஃபெர்னான் லிசெட்டைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தது நீ என்கிற மாதிரி.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. கடைசி லாரி போனபின் ஃபெர்னானும் நானும் கிடங்கைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். நூலகத்துக்குப் போயிருந்த லிசெட் திரும்பி வந்து வாசலில் நின்றாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"அப்பா, பதில் வந்துருச்சு."

"எப்ப வரச் சொல்றாங்க?"

"வேண்டாம்னுட்டாங்க."

அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார். "வெச்சிருக்கச் சொன்னாங்களே" என்றார். கோபமாக இல்லை. கணக்கில் எங்கோ பிசகு, யாராவது சொன்னால் சரி செய்துவிடலாம் என்கிற மாதிரி. லிசெட் உள்ளே வந்து சுவரில் சாய்த்திருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்தாள். மூலைவரைக்கும் பெருக்கி முடித்தோம். மண்ணையும் முளையையும் வண்டியில் அள்ளிக் கொட்டினோம்.

கொட்டகையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாஸ்டன்காரி என்று கூப்பிடுவதை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று லிசெட் சொன்னாள். ஈஸ்டர் பூசைக்கு ஃபெர்னான் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, என் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்க ஹால்வர்சன் டீச்சர் அறைக்குப் போனேன். உள்ளே ஃபெர்னான் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, தலையில் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார், தொப்பி கையில். டீச்சர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேசைமேல் அந்த மூன்று பக்கம் இருந்தது. மடிப்பில் தாள் கிழிய ஆரம்பித்திருந்தது. நிறையத் தடவை எடுத்துப் படித்திருக்க வேண்டும்.

நான் வெளியே போகத் திரும்பி, வாசலிலேயே நின்றுவிட்டேன். டீச்சர் என்னைக் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

"மிஸ்டர் மிஷோ, எல்லாம் முடிஞ்சுபோச்சு. இடம் நிரம்பியிருச்சு."

"இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"இது ஜனவரியில போயிருந்தா…" என்று ஆரம்பித்த டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான்தான் வேண்டாம்னேன்" என்றார் ஃபெர்னான். "அவ எழுதினா. நான்தான். அத அவங்ககிட்டச் சொல்லுங்க. புள்ள மேல தப்பில்லன்னு சொல்லுங்க."

டீச்சர் ஓர் உறையை எடுத்தார். முகவரியை நானே எழுதுகிறேன் என்று ஃபெர்னான் அதை வாங்கிக்கொண்டார். மிச்ச விரல்களால் உறையை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, பார்த்துப் பார்த்து எழுதினார். கிழங்கு மூட்டைமேல் பெயர் எழுதுகிற அதே பெரிய எழுத்து. ஒரு காரியத்தை அந்த மனுஷர் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வரும்போது என் தோளில் கை வைத்து, "எமில், அவகிட்ட மூச்சு விடாத" என்றார். நான் விடவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடத்தில் பணமில்லை என்று ஹால்வர்சன் டீச்சரின் வேலையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமையும் யாரும் வரவில்லை, வெள்ளிக்கிழமையும் வரவில்லை. செப்டம்பரில் நான் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அம்மா வழிக்கு ஒரு டப்பா நிறையக் கறியப்பம் செய்து கொடுத்தாள்; அப்பா வண்டி ஓட்டினார். லிசெட் எந்திரத்தில் இருந்தாள். கையை ஆட்டினாள்.

நவம்பரில் அங்கிருந்து போனில் கூப்பிட்டு, இந்த வருஷமாவது எழுது, இன்னும் நாள் இருக்கிறது என்றேன். "பாக்கலாம்" என்றாள். தரகர் கிழங்கை வெட்டிப் பார்த்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் அடுத்த தரகரைத் தேடிப் போவார்கள். எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். மறுவருஷமும் கேட்டேன். அதற்கடுத்த வருஷம் அவள் அம்மாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, நான் கேட்கவில்லை.

இப்போது எழுபது ஏக்கரையும் அவள்தான் பார்க்கிறாள். குளிர் காலத்தில் கிழங்கு தரம் பிரிக்கும் ஆலையில் வேலை. எந்திரம் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். போன அக்டோபரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அறுவடைக்குப் போனேன். பட்டையில் நின்று கல் பொறுக்கினேன். மூன்றாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டது. பட்டதாரிக்கு நாற்காலி கொண்டாங்கடா என்று அவள் மேலேயிருந்து கத்தினாள்.

மத்தியானம் லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். அந்த வருஷம் மே மாதம் பாஸ்டனிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததாம். உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி, முடிவை மாற்ற இயலாது என்று நாலு வரி.

"நான் கடுதாசியே போடலையேன்னு யோசிச்சேன். போயி இழுப்பறையத் தெறந்து பாத்தேன். அது இல்ல."

அப்பாவிடம் கேட்டாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. வாக்கு கொடுத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்று தோண்டின கிழங்கெல்லாம் வயலிலிருந்தே லாரி ஏறியது. நல்ல கிழங்கு, ஒரு வெட்டுக்காயம் இல்லை. கிடங்குப் பக்கம் ஒரு வண்டிகூடத் திரும்பவில்லை. நான் கேட்டதற்கு, அந்த வருஷத்திலிருந்தே இப்படித்தான் என்றாள். என்ன விலைக்குக் கேட்டாலும் ஃபெர்னான் அக்டோபரிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார். வெர்னன் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து, மார்ச் வரைக்கும் வை ஃபெர்னான், உன் கிடங்குக்கு ஈடு கிடையாது என்று சொல்லிப் பார்த்தாராம். ஃபெர்னான் கதவைத் திறந்தபடியே நின்று கேட்டுக்கொண்டு, இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று கொட்டகையில் பேசிக்கொள்கிறார்கள்.

"அப்பாவுக்கு வெச்சிருக்கப் பிடிக்கல" என்றாள் லிசெட். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு எந்திரத்தில் ஏறினாள்.

வரப்போரத்தில் ஃபெர்னான் நின்று, கடைசி லாரி சாலைக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கிடங்கின் கதவு ஒரு கீலில் தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.